சேர்வராயன் மலைப் பூக்களும் அவற்றை எழுதியவர்களும்

ஏற்காடு என்றவுடன் நம்மில் பலருக்கு ஏரியும் படகும் ஆரஞ்சுப் பழமும் நினைவுக்கு வருகின்றன. எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நிறம். சேலத்து வெயிலை விட்டு 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், சுமார் 5,000 அடி உயரத்தில் கண்ணுக்கு வேறொரு வகை விருந்து காத்திருக்கிறது. கோடை மழையின் முதல் தூறல் விழுந்த சில நாட்களுள் காப்பித் தோட்டங்கள் வெள்ளை வெளேரெனப் பூத்துவிடும். மல்லிகையை ஒத்த அதன் மணம் வழியெல்லாம் கமழும். இரண்டு மூன்று நாட்களில் அவ்வளவும் வாடிப் பழுப்பேறிவிடும். ஜகரண்டா மரங்கள் இலையைத் துறந்து ஊதா நிறம் பூணும். பழைய பங்களாக்களின் முற்றங்களில் டேலியா செடிகள் கைக்குழந்தையின் முகத்தளவு பூக்களைத் தாங்க மாட்டாமல் சாய்ந்து நிற்கும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி, நீலகிரிக்கும் பழனி மலைக்கும் மட்டும் உரியதன்று. சேர்வராயன் மலையிலும் அது உண்டு.

இவ்வளவு நிறமும் எவருடைய தூரிகையிலேனும் அகப்பட்டதா? அகப்பட்டதாயின் அந்தத் தூரிகையைப் பிடித்த கை யாருடையது? இன்றைய பேச்சில் இவ்விரண்டு வினாக்களையும் தொடர்ந்து சற்று நடந்து பார்க்க விரும்புகிறேன். நிறத்தைப் பற்றி வானொலியில் பேசுவது, இருட்டறையில் சேலை விரித்துக் காட்டுவது போன்றதுதான். ஆயினும் கேட்கும் நேயர்கள் எல்லோரும் பூக்களைக் கண்டவர்களே என்பதனால் துணிந்து தொடங்குகிறேன். விடை நேராக மலைமேல் கிடைப்பதன்று. மலை ஏறுமுன் சமவெளியில் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டியிருக்கிறது.

மலைநிலத்துப் பூக்களை முதலில் தொகுத்துச் சொன்னவர் நம் கபிலர். குறிஞ்சிப்பாட்டில் நீராடி எழுந்த மகளிர் கொய்து பாறைமேல் குவித்த பூக்கள் 99 என்று எண்ணிச் சொல்வார்கள். முதலில் வரும் காந்தளுக்குச் செந்நிறம் சொல்கிறார். இன்னும் சிலவற்றுக்கு மணமோ வடிவமோ ஓர் அடைமொழியாக வருகின்றது. எஞ்சியவை பெரும்பாலும் வெறும் பெயர்களே. அக்காலத்தில் அது போதும். பெயரைக் கேட்டவுடன் பூ கண்முன் நிற்கும் மக்களுக்காகப் பாடியவர் அவர். இன்றோ, அப்பெயர்களுள் சில எந்தச் செடியைக் குறிக்கின்றன என்று தமிழ்ப் புலவரும் தாவரவியலாரும் எதிரெதிராக அமர்ந்து வழக்காடுகின்றனர். பெயர் நிலைத்தது, பூ நழுவிவிட்டது. அந்தப் பாறைக்கு அருகில் ஓர் ஓவியனும் அமர்ந்திருந்தால் இவ்வழக்கிற்கு இடமே இராது.

ஓவியம் நம்மிடம் இல்லாமற் போகவில்லை. புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசல் குகைக் கோயிலின் விதானத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஏறத்தாழ 9-ஆம் நூற்றாண்டினது என்று பெரும்பாலோர் கொள்ளும் அந்தச் சமண ஓவியத்தில் ஒரு தாமரைக் குளம் இருக்கிறது. இலையும் மொட்டும் மலரும் அடர்ந்து, நீரே தெரியாதபடி விதானத்தை நிறைக்கின்றன. மீனும் பறவையும் யானையும் எருமையும் அவற்றினூடே திரிகின்றன. பூப்பறிக்கும் ஆடவர் தோளில் தண்டோடு தாமரையைச் சார்த்தி நிற்கின்றனர். அங்கே தூரம், அண்மை என்ற கணக்கு இல்லை; நிழல் இல்லை; இலைக்குப் பின் இலை மறைய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கண்டபடி எழுதாமல் களித்தபடி எழுதியிருக்கிறான் அந்த ஓவியன். பிரான்சு நாட்டு ஓவியர் மோனே தம் தோட்டத்துக் குளத்தை எழுதிய பெரும் படங்கள் 1927-இல் பாரிசு நகரில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது, கரையே இல்லாத குளம் என்று உலகம் வியந்தது. நம்மூர்க் குளத்துக்கும் கரை இல்லை என்பதை நினைக்கும்போது எனக்குச் சிறிது பெருமிதம் உண்டாவதை மறைக்கப் போவதில்லை.

அடுத்து, துணியில் பூ எழுதியவர்கள். சோழமண்டலக் கரையில் சாயவேரின் சிவப்பையும் அவுரியின் நீலத்தையும் கொண்டு கையால் எழுதிய பூந்துணிகள் 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மாளிகைகளின் படுக்கைகளையும் சுவர்களையும் மூடின. ஒரே மரத்தில் பத்து வகைப் பூக்கள் பூத்திருக்கும் அத்துணிகளைத் தாவரவியலார் பார்த்தால் தலையில் அடித்துக் கொள்வர்; மங்கையர் பார்த்தால் வாங்காமல் விடார். உள்நாட்டு நெசவாளரைக் காப்பதற்காக 1686-இல் பிரான்சும் 1700-இல் இங்கிலாந்தும் சட்டமியற்றி அவற்றைத் தடுக்க வேண்டியதாயிற்று. ஓர் அரசாங்கமே அஞ்சும்படி பூ எழுதிய அந்தக் கைகளுக்குரியவர்களின் பெயர்களுள் நாம் அறிந்தவை இல்லையென்றே சொல்லிவிடலாம்.

இந்தக் கைகளை வேறொரு வேலைக்கு அழைத்தது தாவர நூல். செடியைப் பறித்துத் தாள்களிடையே வைத்து அழுத்தி உலர்த்தினால் நூறாண்டுகள் இருக்கும். ஆயின் நிறம் போய்விடும். நீலம் கறுக்கும், சிவப்பு மங்கும், வெள்ளை துருப்பிடித்தாற்போல் ஆகும். சதைப்பற்றுள்ள பூக்களோ உருவமும் சிதைந்து ஒரு கறையாகவே நிற்கும். ஆர்க்கிட் பூக்களுக்கு இக்கதி பெரும்பாலும் நேரும். ஆகவே உயிரோடிருக்கும் செடியைப் பார்த்து, அது வாடுவதற்குள் எழுதிவிடும் ஓவியர் இன்றியமையாதவர் ஆனார். ஆந்திரக் கரையில் சாமல்கோட்டையில் இருந்த மருத்துவர் ராக்சுபரோ அவ்வாறு உள்ளூர் ஓவியரை அமர்த்தி எழுதுவித்த படங்களிலிருந்து 300 வண்ணப் படங்களைத் தேர்ந்து, சோழமண்டலக் கரையின் செடிகள் என்ற பெருநூல் 1795 முதல் 1820 வரை இலண்டனில் வெளியாயிற்று. விலையுயர்ந்த நூல்; அழகிய நூல். அப்படங்களை எழுதியவர் யார் என்று அதைப் புரட்டிப் பார்ப்பவர்க்குத் தெரியாது. அக்கால வழக்கம் அது. செடிக்குப் பெயர் உண்டு, பெயரிட்ட வெள்ளையர்க்குப் பெயர் உண்டு, செதுக்கியவர்க்கும் அச்சிட்டவர்க்கும் பெயர் உண்டு.

இவ்வழக்கத்திற்கு மாறாக நடந்தவர் ஒருவர். அவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

இராபர்ட் வைட் என்பவர் 1796-இல் ஸ்காத்லாந்தில் பிறந்து, 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்கு வந்தார். நோயாளிகளைக் கவனித்த நேரம் போக மிகுந்த நேரமெல்லாம் செடிகளுக்கே செலவாயிற்று. 1826-இல் அரசாங்க இயற்கையியலார் என்ற பதவி அவருக்குக் கிடைத்தது. 1828-இல் சிக்கனத்தின் பேரால் அப்பதவியே எடுக்கப்பட்டது. அவர் நாகப்பட்டினத்துக்கு மருத்துவராக மாற்றப்பட்டார். அரசு கைவிட்டாலும் தம்மிடமிருந்த ஓவியரை அவர் கைவிடவில்லை. அந்த ஓவியர் ரங்கையா.

ரங்கையாவைப் பற்றி நாம் அறிவது மிகக் குறைவு. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர். தஞ்சை அரண்மனையைச் சார்ந்து வாழ்ந்த ஓவியக் குடியினரோடு தொடர்புடையவராகலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். தஞ்சையில் அப்போது ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னரும் மூலிகைகளையும் விலங்குகளையும் பறவைகளையும் படமெழுதி வைக்கும் ஆர்வம் உடையவர். அந்தச் சூழலில் இக்கலை வளர்ந்ததில் வியப்பில்லை. ரங்கையாவின் படங்களை வைட் கிளாசுகோ நகரிலிருந்த தாவரவியல் பேராசிரியர் ஹூக்கருக்கு அனுப்பினார். அவர் அவற்றைத் தம் இதழில் வெளியிட்டார். நாகப்பட்டினக் கரையில் எழுதிய பூ கிளாசுகோவில் அச்சேறிற்று.

வைட் பின்னர்ப் பாளையங்கோட்டை, சென்னை, கோயமுத்தூர் என இடம் மாறினார். கோயமுத்தூரில் பருத்திப் பண்ணையை மேற்பார்த்து வந்த காலத்தில், 1840-களின் நடுவில், ரங்கையாவின் இடத்துக்குக் கோவிந்து என்னும் ஓவியர் வந்தார். இவர் ரங்கையாவின் மாணவரா, உறவினரா என்பதற்குச் சான்று எழுதி வைத்தவர் இல்லை. இருவருடைய கைத்திறனையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால் ஒரே பட்டறையின் சாயல் தெரிகிறது என்று மட்டும் சொல்வேன்.

வேலை நடந்த முறையை நேயர்கள் மனக்கண்ணில் கொண்டு வர வேண்டும். காலையில் கொண்டுவந்த கிளை தாளின்மேல் வைக்கப்படும். இயன்றவரை உள்ள அளவிலேயே எழுத வேண்டும். தாளுக்குள் அடங்காத இலையை மடக்கியோ வெட்டியோ காட்ட வேண்டும். முதலில் கோடு, பிறகு பிசின் கலந்த நீர்வண்ணம். இலையின் மேற்புறப் பச்சை வேறு, அடிப்புறப் பச்சை வேறு. வெண்மலரை வெண்தாளில் காட்டுவதற்கு அதன் விளிம்பில் மெல்லிய சாம்பல் நிழல் ஒன்று போதும். அது சற்று மிகுந்தால் பூ அழுக்காகிவிடும். இதற்கிடையில் மருத்துவர் பூவைக் கத்தியால் பிளந்து உருப்பெருக்கியின் கீழ் வைப்பார். மகரந்தத் தாள் எத்தனை, சூலறை எத்தனை என்பதை ஓவியர் அந்தக் கண்ணாடியினூடே கண்டு படத்தின் அடியில் பெரிதாக்கி எழுத வேண்டும். கோயில் சுவரிலும் மன்னர் படத்திலும் பழகிய கைக்கு இது புதிய பாடம். இரண்டாவது கண் ஒன்று பெற்றாற்போல் அவர்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

அவர்களுடைய முன்னோர் கற்பித்த பாடம் மட்டும் எங்கே போகும்? கொடி எழுதும்போது கோலத்தின் வளைவு தானாக வந்துவிடுகிறது. தாளின் ஓரம் வரை இலை பரந்து, இடத்தை வெறிதாக விட மனமில்லாமல் நிறைக்கிறது. சிவப்பு என்றால் தயங்காத சிவப்பு. ஐரோப்பியர் எழுதும் பூப்படத்தில் ஒளி ஒரு பக்கத்திலிருந்து வந்து விழும். இவர்கள் படத்தில் ஒளி பூவுக்குள்ளிருந்தே வருவது போல் இருக்கும். அறிவியலுக்கு எழுதிய படங்களே ஆயினும் இவற்றில் ஒரு களிப்பு உண்டு. இவை வெறும் பதிவுகள் என்று சொல்பவரோடு நான் உடன்படுவதற்கில்லை.

இப்படங்களை அச்சேற்றுவது வேறொரு போராட்டம். வைட் தாமே சென்னையில் கல்லச்சு முறையை நடத்திப் பார்த்தார். வெப்பமும் பழகாத ஆட்களும் சேர்ந்து முதற்படங்களைக் கெடுத்தன. ஆயினும் விடாமல் 1838 முதல் 1853 வரை, கிழக்கிந்தியச் செடிகளின் உருவங்கள் என்ற நூலை ஆறு தொகுதிகளாகக் கொண்டு வந்தார். அதில் உள்ள படங்கள் 2,101. செலவைக் கருதி அவை வண்ணமின்றிக் கோட்டுருவங்களாகவே வெளியாயின. இந்தியத் தாவரவியல் விளக்கப் படங்கள், நீலகிரிச் செடிகள் ஆகிய வேறிரு நூல்களில் மட்டும் வண்ணம் உண்டு. அதுவும் ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு படத்துக்கும் ஆள் வைத்துக் கையால் தீட்டிய வண்ணம். இன்று ஒரு பொத்தானை அழுத்தி ஆயிரம் பூப்படங்களை எடுத்துவிடும் நாம், ஒரே பூவை நூறு முறை தீட்டிய அந்தப் பெயரறியாத் தீட்டுநரை ஒரு கணமேனும் நினைக்கலாம்.

இங்கேதான் நான் சொல்ல வந்த செய்தி இருக்கிறது. அந்தப் படங்களின் அடியில் 'ரங்கையா எழுதியது', 'கோவிந்து எழுதியது' என்று பொருள்படும் சிறு எழுத்துகளை வைட் அச்சிட்டார். எழுதியவன் பெயரைப் படத்தில் போடுவது இன்று பெரிய செய்தியன்று. அன்று அது பெரிது. இந்திய ஓவியரை எழுத்தருக்கும் பல்லக்குத் தூக்குவோருக்கும் இடையே சம்பளப் பட்டியலில் அடக்கிய காலம் அது. அந்தச் சிறு எழுத்துகள் இல்லையேல் இவ்விருவரும் பூந்துணி எழுதியவர்களைப் போலவே மறைந்திருப்பார்கள். அவர்களுடைய படங்கள் பல இப்போது எடின்பரோ அரசுத் தாவரவியல் தோட்டத்தில் காக்கப்படுகின்றன. அங்கே பணியாற்றிய ஹென்றி நோல்ட்டி என்னும் ஆராய்ச்சியாளர் 2007-இல் வெளியிட்ட நூலின் பெயரிலேயே வைட்டோடு ரங்கையாவையும் கோவிந்துவையும் சேர்த்தார்.

வைட் 1853-இல் தாயகம் திரும்பிய பின்பும் கோவிந்துவின் தூரிகை ஓயவில்லை. சென்னை மாகாணத்தின் காடுகளைக் காக்க 1856-இல் முதல் காப்பாளராக அமர்ந்த கிளெகார்னுக்கும், பின்னர் வனத்துறையின் பெடோமுக்கும் அவர் எழுதினார். கிளெகார்ன் இளமையில் மைசூர்ச் சீமையில் சிமோகாவில் இருந்தபோது, நாளுக்கு ஒரு செடியைப் படமெழுதுவிப்பதை வழக்கமாக வைத்திருந்தவர். 1850-இல் சென்னையில் மருத்துவர் ஹண்டர் தொடங்கிய ஓவியப் பள்ளியின் மாணவர்களுக்கும் அவர் பூ எழுதும் வேலை கொடுத்தார். அந்தப் பள்ளியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மறுபடியும் அதனிடம் வருவோம்.

இனி மலை ஏறலாம். சேர்வராயன் என்பது மலையின் பெயர். மலையுச்சிக் குகையில் கோயில் கொண்ட தெய்வத்தின் பெயரும் அதுவே. 5,000 அடிக்கு மேற்பட்ட அவ்வுச்சியில் மே மாதத்தில் மலைவாழ் மக்களாகிய மலையாளிகள் விழா எடுக்கின்றனர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் இப்பெயரைக் கேட்டுக் கேரளத்தாரோடு குழப்பிக் கொள்ளலாகாது. சேர்வராயனை ஆங்கிலேயர் தம் நாவுக்கு ஏற்ப ஷெவராய் ஆக்கினர். 1820-களில் சேலம் மாவட்ட ஆட்சித் தலைவராயிருந்த காக்பர்ன் இம்மலையில் காப்பியைப் பயிரிடச் செய்தார். பழமரங்களும் வந்தன. தோட்டக்காரர் வந்தனர், பங்களாக்கள் எழுந்தன, முற்றங்களில் பூச்செடிகள் நடப்பட்டன.

அந்த முற்றங்களை நான் கூர்ந்து பார்த்ததுண்டு. டேலியா மெக்சிகோ நாட்டுச் செடி. ஜகரண்டா தென்னமெரிக்காவினது. காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவினது. ஹைடிராஞ்சியா கிழக்காசியாவினது. இவை எவையும் இங்கிலாந்தில் தோன்றியவை அல்ல. ஆயினும் இங்கிலாந்தின் தோட்டத்தை நினைவூட்டுவதற்காக இங்கே சேர்க்கப்பட்டவை. ஊரைவிட்டு வந்தவர் தம் ஏக்கத்தைப் பூக்களால் எழுதிய படம் மலைநகரத் தோட்டம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அந்தப் படத்துக்கு மண்ணைக் கொத்தியவரும் நீர் சுமந்தவரும் நம்மவர் என்பதையும் கூடச் சொல்லிவிட வேண்டும்.

இம்மலையைப் பற்றி முறையாக எழுதியவர்களுள் மருத்துவர் ஜான் ஷார்ட் குறிப்பிடத்தக்கவர். தென்னிந்திய மலைத்தொடர்கள் பற்றி அவர் எழுதியவற்றுள் சேர்வராயன் மலைப் பகுதி 1870-இல் வெளிவந்தது. அவருடைய பெயரை இம்மலையில் வாழும் ஒரு சிறு மண்பாம்புக்குப் பெடோம் சூட்டினார். மருத்துவர்க்குப் பாம்பு கிடைத்தது. ஓவியர் ஒருவர்க்கு என்ன கிடைத்தது என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இதே காலத்தில் வேறொரு வகைப் பூ ஓவியமும் வளர்ந்தது. அதிகாரிகளின் மனைவியரும் பயணம் வந்த பெண்டிரும் எழுதியவை அவை. ஆளுநர்த் தலைவரின் மனைவியான கானிங் பெருமாட்டி 1858-இல் நீலகிரியில் தங்கிப் பூக்களை நீர்வண்ணத்தில் எழுதினார். அவருக்குப் பின் வந்த மரியான் நார்த் அம்மையார் எழுதிய முறை வேறு. எண்ணெய் வண்ணத்தைக் குழைத்து, பூவை அது நிற்கும் காட்டோடும் கோயிலோடும் குளத்தோடும் சேர்த்து எழுதியவர் அவர். உலர்ந்த மாதிரியின் அடக்கம் அவர் படத்தில் கிடையாது. நிறம் பொங்கி வழியும். 1877-இன் இறுதியில் தென்னாட்டுக்கு வந்த அவர், தஞ்சையில் நீதிபதியாயிருந்த வடமொழி அறிஞர் பர்னெலின் துணையோடு இந்துக்கள் புனிதமாகக் கருதும் செடிகளை எழுதினார். அவருடைய படங்கள் 800-க்கு மேற்பட்டவை, 1882 முதல் இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் அவர் தம் செலவில் கட்டிய மண்டபத்தில் சுவர் தெரியாதபடி மாட்டப்பட்டிருக்கின்றன.

அவர் வந்த காலம் எது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. மிகக் கொடிதாக வாடிய மாவட்டங்களுள் சேலம் ஒன்று. மலைமேல் காப்பி பூத்துக்கொண்டிருந்த பருவத்தில் மலையடியில் மக்கள் மடிந்துகொண்டிருந்தனர். பூவை எழுதுவது குற்றமென்று நான் சொல்ல வரவில்லை. அம்மையார் அறியாமல் இருந்தவரும் அல்லர். பூப்படம் ஒன்றின் சட்டத்துக்கு வெளியே எவ்வளவு நின்றுவிடுகிறது என்பதைப் படத்தை வியக்கும்போது மறக்கலாகாது என்பதே என் எண்ணம்.

ஏற்காட்டுக்கு அதற்குரிய பூநூல் கிடைத்தது இருபதாம் நூற்றாண்டில்தான். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராயிருந்து பின் முதல்வரான ஃபைசன் முதலில் நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் பூக்களைப் பற்றி 1915-இல் எழுதத் தொடங்கினார். அதை விரிவாக்கி 1932-இல் தென்னிந்திய மலைநகரங்களின் செடிகள் என்று இரு தொகுதிகளாக வெளியிட்டபோது உதகை, குன்னூர், கோத்தகிரி, கோடைக்கானல் இவற்றோடு ஏற்காட்டையும் சேர்த்துக்கொண்டார். விடுமுறைக்கு மலைக்கு வரும் சாதாரணரும் கையில் எடுத்துக்கொண்டு வழியோரத்துப் பூவின் பெயரை அறியத்தக்க நூல் அது. அவருடைய நூல்களில் உள்ள படங்களை வரைந்தவர்களுள் அவர் மனைவி டயானா ரூத் ஃபைசனும் போர்ன் பெருமாட்டியும் உண்டு.

அவை கோட்டுப் படங்கள். தெளிவும் அளவும் பிழையற்ற படங்கள். செடியை இனங்காண அவற்றைவிடச் சிறந்த துணை அக்காலத்தில் இல்லை. அச்சுச் செலவும் நூலின் நோக்கமும் வண்ணத்தைத் தள்ளிவிட்டன. அவ்வாறு தள்ளியது சரியே என்று ஆசிரியர் என்ற முறையில் நானும் ஒப்புக்கொள்வேன். ஆயினும் அந்நூலைக் கையில் வைத்துக்கொண்டு சேர்வராயன் கோயிலுக்குச் செல்லும் புல்வெளியில் நின்றால் மனம் ஒன்று கேட்கிறது. கோடு சொல்வது 'இது இன்ன பூ' என்பதை. மலைமேல் மேகம் இறங்கி வரும்போது ஒரே ஊதா முதலில் நீலமாகி, பிறகு சாம்பலாகி, மேகம் விலகிய நொடியில் சுடர்போல் எரிகிறதே, அதைச் சொல்லக் கோட்டுக்கு வாய் இல்லை. ரங்கையா இம்மலையில் அமர்ந்து எழுதியிருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடிவதில்லை.

உலகின் பிற பகுதிகளில் அதற்குள் பூ ஓவியம் தாவரநூலை விட்டு வெகுதூரம் போய்விட்டது. 1888-இல் வான் கோ தென்பிரான்சில் எழுதிய சூரியகாந்திகளை எண்ணுங்கள். இதழ் எத்தனை என்று எண்ணுவாரும் உண்டோ? அவர் மஞ்சளை எழுதினார். மஞ்சளுக்குச் சூரியகாந்தி ஒரு சாக்கு. அந்தக் காற்று நம் நாட்டில் வீசிய வழிகளுள் ஒன்று, நான் முன்பு நினைவில் வைக்கச் சொன்ன அதே சென்னை ஓவியப் பள்ளி. 1929-இல் தேவிபிரசாத் ராய் சௌதுரி அதன் முதல்வரானார். அவர் மாணவரும் கோயமுத்தூரில் 1911-இல் பிறந்தவருமான கே. சி. எஸ். பணிக்கர் 1957 முதல் பத்தாண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். தொடக்கத்தில் தென்னந்தோப்பும் காயலும் நீர்வண்ணத்தில் எழுதியவர் அவர். 1954-இல் ஐரோப்பா சென்று வந்த பின் அவர் வண்ணம் கட்டவிழ்ந்தது. வான் கோவின் சூடு அதில் உண்டு. ஆனால் இரவல் சூடு அன்று. 1966-இல் அவர் முன்னின்று சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் நிறுவிய ஓவியர் குடியிருப்புக்குச் சோழமண்டலம் என்றே பெயர் வைத்தனர். பூந்துணி எழுதிய கரையின் பெயர், ஓவியர் தம் பெயரைத் தாமே எழுதிக்கொள்ளும் ஊருக்குச் சேர்ந்தது.

ஏற்காட்டில் 1963-இல் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் ஆர்க்கிட் தோட்டம் ஒன்றை அமைத்தது. மரத்தில் தொற்றி வாழ்வனவும் நிலத்தில் வேரூன்றி வாழ்வனவுமாகப் பல காடுகளிலிருந்து கொண்டுவந்த ஆர்க்கிட் செடிகள் அங்கே வளர்க்கப்படுகின்றன. இம்மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்ற சிறுமரத்தையும் அங்கே பேணுகின்றனர். கேம்பிள் என்ற தாவரவியலார் பெயரிட்ட அம்மரத்துக்குச் சேர்வராயன் மலையே தாயகம். மிக அரிதாகிவிட்ட மரம். தோட்டத்திற்குச் செல்வோர் பெரும்பாலும் பூச்சி தின்னும் குடுவைச் செடியைத் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். ஆர்க்கிட் வரிசைகளின் முன் சற்று நின்றால் நல்லது. காலையில் பிசின் கரைத்து, மாலைக்குள் வாடிவிடும் என்ற அச்சத்தோடு ஓவியர் எழுதியது இத்தகைய பூக்களைத்தான். ஒரு சிறு நோட்டும் வண்ணப் பெட்டியும் கொண்டு அங்கே போய் அமரும் பிள்ளைகளை ஓரிரு முறை பார்த்திருக்கிறேன். அவர்கள் எழுதும் இலை பெரும்பாலும் பச்சைக்கு மிஞ்சிய பச்சையாக இருக்கிறது. அதைத் திருத்த வேண்டியதில்லை.

ஓவியருக்கு என்ன கிடைத்தது என்று சொல்வதாக முன்னே கூறினேன். வைட் தம் பெருநூலின் இறுதித் தொகுதியை 1853-இல் முடிக்கும்போது, நிலத்தில் வளரும் ஓர் ஆர்க்கிட்டைப் புதிய பேரினமாகக் கொண்டு அதற்குக் கோவிந்தூயா என்று பெயர் சூட்டினார். பூவைப் பகுத்துக் காட்டும் திறத்தில் தம் நாட்டாருள் இவருக்கு ஒப்பார் இல்லை என்ற பொருள்பட ஒரு குறிப்பும் எழுதினார். ஆளுநர்களுக்கும் பிரபுக்களுக்கும் பெயர் சூட்டி வந்த துறையில், மாதச் சம்பளத்துக்கு எழுதிய இந்திய ஓவியர் ஒருவரின் பெயர் ஒரு பேரினத்துக்குக் கிடைத்தது. அந்தப் பூவை எழுதியவரும் கோவிந்துவே.

பின்வந்த தாவரவியலார் அதை ஆராய்ந்து, அது புதிய பேரினம் அன்று, ட்ரோபீடியா என்ற முந்திய பேரினத்துள் அடங்குவதே என்று முடிவு செய்தனர். அறிவியல் முறைப்படி அம்முடிவு செல்லும். ஆதலால் கோவிந்தூயா என்ற பெயர் இன்று வழக்கில் இல்லை. ட்ரோபீடியாவின் கீழ், நீக்கப்பட்ட பெயர்களின் வரிசையில் அது அச்சிடப்படுகிறது. படத்தின் அடியிலுள்ள சிறு எழுத்துகளை மட்டும் எவரும் நீக்கவில்லை.